கட்டிக்குப் பின்னால் விழும் நிழல்

திருநீர்மலையிலிருந்து பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ போனால் ஸ்கேன் சென்டர்களுக்குப் பஞ்சமில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை எல்லாவற்றிலும் தொங்கும்; 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உபயம். அதனால்தானோ என்னவோ, ஸ்கேன் என்றாலே நமக்குப் பிள்ளைத்தாய்ச்சிதான் நினைவுக்கு வருகிறாள். மார்பில் கட்டி தட்டுப்பட்டவருக்கும் பெரும்பாலும் அதே மெஷின்தான். உடலில் வைத்துத் தேய்க்கும் புரோப் மட்டும் மாறும்.

நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுதான் எல்லை. இந்தப் புரோபிலிருந்து கிளம்பும் ஒலியோ ஒரு கோடியை ஒட்டியும் தாண்டியும் அதிரும். நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் சதைக்குள் போய், மோதித் திரும்பும். இடையில் காற்று இருந்தால் நுழையாது. சில்லென்று தடவும் ஜெல் அதற்காகத்தான்.

ஆழத்திலிருந்து வரும் எதிரொலி வழியிலேயே தேய்ந்துவிடும். மெஷின் அதை ஈடுகட்ட, ஆழம் கூடக்கூட எதிரொலியைப் பெருக்கிக் காட்டும். நீர்க்கட்டியில் இந்தக் கணக்கு தப்புகிறது. நீருக்குள் ஒலி அவ்வளவாகத் தேய்வதில்லை; தேயாததையும் மெஷின் பெருக்கிவிடுகிறது. திரையில் கறுப்பு வட்டம், அதன் கீழே வெள்ளை வால். புற்றுக்கட்டியிலோ இறுகிய நார்த்திசு ஒலியை விழுங்குவதால், பல நேரம் கீழே நிழல் விழும். மெஷினின் தப்புக்கணக்கே டாக்டருக்குத் துப்பாகிவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

கட்டியின் கிடப்பும் பேசும். இளம்பெண்களிடம் அதிகம் காணும், புற்றல்லாத ஃபைப்ரோஅடினோமா கட்டி பெரும்பாலும் தோலுக்கு இணையாகப் படுத்திருக்கும். புற்று பல நேரம் திசு அடுக்குகளை ஊடுருவி நிமிர்ந்து நிற்கும்.

மார்பை ஒலியால் பார்ப்பது புதிதல்ல. அமெரிக்காவில் ஜான் வைல்டும் ஜான் ரீடும் மார்பகத் திசுவை ஒலியால் படம்பிடித்து 1952-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டியதும் அதே ஆண்டில்தான்.

மேலை நாட்டுப் பெண்களைவிட இளம் வயதிலேயே நம் பெண்களுக்கு மார்பகப் புற்று வருகிறது. அந்த வயதில் சுரப்பித் திசு அடர்த்தி. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஸ்கேனில் கட்டி கறுப்பாகப் பிரிந்து தெரியும். ஆனால் பொடிச் சுண்ணாம்புத் துகள்களாகத் தொடங்கும் புற்று மேமோகிராமுக்குத்தான் சுலபமாகச் சிக்கும். வேகமாக வளரும் சில புற்றுகளோ வழவழப்பான விளிம்போடு, வெள்ளை வாலும் காட்டி ஏமாற்றும். சந்தேகம் வந்தால், ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான். ஊசி போகும் வழியைக் காட்டுவதும் இதே ஸ்கேன்தான்.