தனி ஆபீஸ் போடும் வக்கீல்

டீயைக் குடிங்க தம்பி, ஆறிடும். கோட்டு தைத்தாயிற்று, அருப்புக்கோட்டையில் ரூம் பிடித்துத் தனியாக உட்காரலாமா என்கிறீர்கள். சட்டம் தடுக்காது. பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அவ்வளவுதான். பதிவுக் கட்டணமும் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் பக்கத்துத் திருச்சுழியில் சுந்தரமய்யர் எப்படி வக்கீலானார் என்று பாருங்கள். ரமண மகரிஷியின் தகப்பனார். சிறுவயதில் மாதம் 2 ரூபாய்க்குக் கணக்குக் குமாஸ்தா. அப்புறம் சொந்தமாக மனு எழுதிக் கொடுத்தார். அதில் ஊர் பழகிய பிறகுதான், சன்னது என்கிற உரிமப் பத்திரம் இல்லாமலே வழக்காட அனுமதி கிடைத்தது. வீட்டில் ஒரு பகுதியை வந்து போகிறவர்களுக்கென்றே விட்டிருந்தார். 1892-இல் இறக்கும்வரை அவருக்குக் கட்சிக்காரர் பஞ்சம் வந்ததாகத் தெரியவில்லை. சன்னது உள்ளவர், இல்லாதவர் என்ற பழைய தரப் பிரிவுகளையெல்லாம் 1961-இன் வழக்கறிஞர் சட்டம் எடுத்துவிட்டது. ஊர் பழகும் வேலையை யாரும் எடுக்கவில்லை.

அதற்கு முதலில் ஒரு சீனியரிடம் சேருங்கள். அவரிடம் கற்க வேண்டியது பிராது எழுதுவது மட்டுமல்ல, வாய்தா டைரியைச் சமாளிப்பதும்தான். காலையில் அருப்புக்கோட்டையில் உங்கள் சாட்சிக்குக் குறுக்கு விசாரணை. அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்டக் கோர்ட்டில் ஒரு அப்பீல். கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில், மாவட்டக் கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில். நம் மாவட்டத்தின் தலையெழுத்து. ஜூனியர் இல்லை, குமாஸ்தா இல்லை. அழைக்கும்போது எழுந்து நிற்க ஆளில்லாவிட்டால் கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவார். டிகிரி ஆகிவிட்டால் அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு; தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. தவறு உங்களுடையது, அலைச்சல் அவருடையது. அன்றைக்கு உங்களுக்காக வாய்தா கேட்டு நிற்கப்போவது பாரில் பழகிய இன்னொரு வக்கீல்தான்.

வருமானம்? விளம்பரம் செய்யக் கூடாது, பிளெக்ஸ் கூடாது. மல்லாங்கிணறு பக்கத்து வேலை பெரும்பாலும் நிலம்: பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, வில்லங்கம் பார்த்துச் சொல்வது. பட்டா பேர் மாறினால் நிலமே கைக்கு வந்துவிட்டதாக நம்பி வருவார்கள். உரிமையைத் தீர்மானிப்பது சிவில் கோர்ட் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பீஸ் வராவிட்டாலும் அந்த ஆள் அடுத்த ஆளைக் கூட்டி வருவார். ஜூனியருக்கு மாதம் 15,000, சென்னை, மதுரை, கோவையில் 20,000 தர வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. கொடுக்கிற சீனியரைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்று வருஷமாவது அவரிடம் இருங்கள். வெளியே வரும்போது அவர் கட்சிக்காரரை இழுக்காதீர்கள். வக்காலத்து மாற்ற அவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ வேண்டும், சின்ன பாரில் அந்த மனஸ்தாபம் லேசில் ஆறாது. ஆறு மாதக் குமாஸ்தா சம்பளம் கையில் சேர்ந்த பிறகு ரூம் பாருங்கள்.