பிண்ணாக்கில் பிடிக்கும் பூசணமும் பாலில் இறங்கும் நஞ்சும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு நாடெங்கும் திரட்டிய 6,432 பால் மாதிரிகளில், மக்கள் பெரிதும் அஞ்சும் யூரியா, சோப்புத்தூள் போன்ற கேடான கலப்படம் 12இல் மட்டுமே இருந்தது. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் நஞ்சு 368இல் அளவு மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88உம், அண்டையிலுள்ள கேரளத்தின் 187இல் 37உம் அவற்றுள் அடக்கம். பாலில் எவரும் கலக்காத இந்நஞ்சு, தீவனத்தின் வழியே வருவது.

ஈரம் தங்கிய பிண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை ஆகியவற்றில் படரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூசணம் அஃப்ளாடாக்சின் பி1ஐ உண்டாக்குகிறது. அதை உண்ட பசுவின் ஈரல் அதில் ஒரு பங்கை எம்1ஆக மாற்ற, அது ஓரிரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடுகிறது. பாலைக் காய்ச்சுவதால் அது அழிவதில்லை. நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் இவ்வகை நஞ்சு, 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் நிலக்கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனத்தைத் தின்று மடிந்த பிறகே கண்டறியப்பட்டது.

இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் உலர்த்தலே பெரும்பாடு. கொப்பரையின் ஈரம் ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டியிருக்க, மழைக்காலத்தில் வெயில் போதாமல் அது பூத்துவிடுகிறது. பூத்த கொப்பரையைச் செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. மனிதருக்கு ஆகாதென ஒதுக்கியதை மாட்டுக்கு வைப்பது சிக்கனமாகத் தோன்றினாலும், அதில் ஒரு பங்கு வீட்டுக் குழந்தையின் பால் தம்ளருக்கே திரும்புகிறது. கன்னிப்பூ என்னும் முதற்போக நெல் அறுவடையின் வைக்கோலையும் ஈரத்தோடு படப்பு வைத்தால் உள்ளே வேறு பூஞ்சைகள் வளரும்.

இந்திய தர நிர்ணய அமைவனம் மாட்டுத் தீவனக் கலவையில் பி1ஐக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ கறவை மாட்டுத் தீவனத்தில் 5ஐத் தாண்டவிடுவதில்லை. இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்ணும் மூக்கும் அறியா. பூசணத்தைச் சுரண்டி எறிந்தாலும் நஞ்சு உள்ளே ஊடுருவியிருக்கும். ஆகவே மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகை மேல் அடுக்குவதும், சில வாரத் தேவைக்கு மேல் வாங்காதிருப்பதும், பழைய மூட்டையை முதலில் தீர்ப்பதும் முதன்மையான காப்பு. பென்டோனைட் களிமண் போன்ற பொருள்களைத் தீவனத்தில் சேர்த்தால் அவை நஞ்சைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும் என்றாலும், பூத்த தீவனத்தைத் தொடர்ந்து கொடுக்க அது உரிமமாகாது. ஐயம் எழுந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தை நாடலாம். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாள்களிலேயே பாலில் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும்.