உங்களுக்குத் தெரியுமா? நுகேகொடைக்குப் பக்கத்தில் ஒரு மண்மதில்

● நுகேகொடையிலிருந்து 176 பஸ்ஸில் பிட்டகோட்டே தாண்டி எதுல்கோட்டேக்குள் போகிறவர்கள் கோட்டே என்ற பழைய இராசதானியின் காவல் எல்லையைக் கடக்கிறார்கள். அகழிக்கு வெளியே இருந்தது பிட்டகோட்டே, உள்ளே இருந்தது எதுல்கோட்டே.

● இந்தக் கோட்டையைக் கட்டுவித்தவர் அரசர் அல்லர், அமைச்சர். கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், நிஸ்ஸங்க அழகக்கோனார் இதை எழுப்பினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையைத் தடுப்பதே நோக்கம். அழகக்கோனாரின் முன்னோரே தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்!

● பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிட்டது. தியவன்னா ஓயாவும் சதுப்பும் சூழ்ந்த இடத்துக்குத் தரைவழி தெற்கே, நுகேகொடைப் பக்கம்தான். அங்கே அகழி வெட்டி, மண்ணாலும் கபுக் கல்லாலும் மதில் அமைத்தார்கள். திருக்குறளின் ‘அரண்’ அதிகாரமும் நீர், நிலம், மலை, காடு ஆகியவற்றைச் சொல்லிவிட்டுத்தான் மதிலுக்கு வருகிறது.

● ஐரோப்பாவிலும் முதலில் மண்தான். 11ஆம் நூற்றாண்டில் நோர்மானியர் மண்மேடு குவித்து, அதன்மேல் மரக்கோட்டை கட்டினார்கள். இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனையில் வட்டக் கோபுரம் நிற்பது அப்படியொரு மேட்டின்மேல்தான்.

● யாழ்ப்பாணப் படைக்குப் பயந்து கட்டிய இதே கோட்டேயிலிருந்து, மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய செண்பகப்பெருமாள் 1450 அளவில் யாழ்ப்பாணத்தையே பிடித்தான்.

● கொழும்பில் இறங்கிய போர்த்துக்கேயரைக் கோட்டேயின் தூரம் தெரியாதிருக்க மூன்று நாள் சுற்றுவழியில் கூட்டிப்போனார்களாம். நேர்வழியில் போனால் சில மணி நேர நடை. சுற்றிவளைத்துப் போவதை ‘பறங்கி கோட்டேக்குப் போனதுபோல’ என்று சிங்களத்தில் இன்றும் சொல்வார்கள்.

● சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னையின் முற்றுகைகளைக் கோட்டே தாங்கி நின்றது. ஆனாலும் 1565இல், அதைக் காத்துவந்த போர்த்துக்கேயரே அதைக் கைவிட்டு, மன்னன் தர்மபாலனையும் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

● எதுல்கோட்டேயில் ரம்பார்ட் வீதி என்றே ஒரு தெரு உண்டு. மதிலின் மிச்சங்கள் வீட்டு வளவுகளுக்கு இடையே கிடப்பதால், பார்க்கிறவர்கள் சாதாரண மண்திட்டு என்றே நினைப்பார்கள்.

● தியவன்னாவின் நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் 1982இல் திறக்கப்பட்டது. இத்தகைய சதுப்புகளுக்காக 2018இல் கொழும்பு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. மழைவெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இந்தச் சதுப்புகளை மூடினால், அழியப்போவது அழகக்கோனாரின் அரண் மட்டுமல்ல.