ஈசிஜியைக் கணினி படிக்கலாம். பொறுப்பேற்க மருத்துவர் வேண்டும்

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனால் முதலில் எடுப்பது ஈசிஜி. கட்டம் போட்ட தாளைச் சில நிமிடங்களில் கருவி நீட்டிவிடுகிறது. தாளின் மேற்பகுதியில், நாடித்துடிப்பு எண்ணுக்கு அருகே, ‘நார்மல்’ என்றோ ‘அப்நார்மல்’ என்றோ கருவியே ஒரு முடிவையும் அச்சிட்டிருக்கும். பல கருவிகளில், ‘இது மருத்துவர் உறுதி செய்யாத முடிவு’ என்ற குறிப்பும் சிறிய எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தைப் பார்த்து நிம்மதி அடைகிறோம் அல்லது பதறிப்போகிறோம். சிறிய எழுத்தைப் படிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு (ஏஐ) இதய சிகிச்சைக்குள் வேகமாக நுழையும் இந்த நேரத்தில் நாம் கேட்டுப் பெறவேண்டியது அந்த உறுதியைத்தான். கருவி கருத்துச் சொல்லலாம். முடிவெடுத்துப் பொறுப்பேற்க ஒரு மருத்துவர் இருந்தே ஆகவேண்டும்.

நன்மை என்ன?

இதயம் ரத்தத்தை உந்தித் தள்ளும் திறன் குறைந்திருக்கிறதா என்பதை அறிய வழக்கமாக எக்கோ எடுப்பார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், ஈசிஜியை வைத்தே அதைக் கணிக்கும் ஏஐ மென்பொருளை உருவாக்கினார்கள். 22,641 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. மென்பொருளின் உதவி இல்லாத மருத்துவர்களிடம் வந்தவர்களில் 1.6 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டது. உதவி பெற்ற மருத்துவர்களிடம் வந்தவர்களில் அது 2.1 சதவீதம். அந்த மென்பொருள் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. யாருக்குச் சந்தேகம் இருக்கிறது என்று காட்டியது. எக்கோ எடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்தார். இதுதான் அறம் சார்ந்த பயன்பாடு.

ஆபத்து எங்கே?

முதல் ஆபத்து, தவறான பதிவு. கையில் மாட்டும் கிளிப் இடம் வலம் மாறினாலும், நோயாளி அசைந்தாலும், நெஞ்சில் மின்முனை சரியாக ஒட்டாவிட்டாலும் கோடுகள் மாறிவிடும். எத்தனை திறமையான மென்பொருளாக இருந்தாலும் அதற்குக் கிடைத்த கோடுகளைத்தான் படிக்கும்.

இரண்டாவது, ‘நார்மல்’ என்ற சொல் தரும் பொய்யான நிம்மதி. மாரடைப்பு தொடங்கிய நேரத்தில் எடுத்த முதல் ஈசிஜி இயல்பாகவே இருக்கக்கூடும். அதனால்தான் சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் ஈசிஜி எடுக்கிறார்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். கைக்கடிகாரத்தை நம்பி இருப்பதும் இதே ஆபத்துதான். ஆப்பிள் வாட்ச் ஒழுங்கற்ற துடிப்பைக் கவனித்துச் சொல்லும்; மாரடைப்பைக் கண்டறியாது என்று அந்த நிறுவனமே தெளிவாக அறிவித்திருக்கிறது. ஈசிஜி தாளைப் படம் பிடித்து ஏஐ உரையாடல் செயலியிடம் கேட்டுக்கொண்டிருப்பதும் பொன்னான நேரத்தைப் பறித்துவிடும்.

மூன்றாவது, பாரபட்சம். அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு மென்பொருளை ஆராய்ந்த கட்டுரை 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. யாருக்கு அதிக மருத்துவக் கவனம் தேவை என்பதை அந்த மென்பொருள் அவரவர் சிகிச்சைச் செலவை வைத்துக் கணித்தது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்ட தொகை குறைவு; ஆகவே நோய் முற்றியிருந்தும் அவர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. மேலைநாட்டுத் தரவுகளில் உருவான இதய அபாயக் கணிப்பான்கள் தெற்காசியர்களின் ஆபத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. ஒரு முறைகூட எக்கோ எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாத கிராமத்துப் பெண்ணின் இதயம் எந்தத் தரவிலும் இருக்காது. நம் மக்களிடம் சோதித்துப் பார்க்காத மென்பொருளை நம் மக்கள்மீது பயன்படுத்துவது அநீதி.

உங்கள் உரிமைகள்

நோயறியப் பயன்படும் மென்பொருளும் 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மருத்துவக் கருவி என்ற சட்ட வரையறைக்குள் வந்துவிட்டது. மருத்துவத்தில் ஏஐ பயன்பாட்டுக்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்டது. நோயாளியின் ஒப்புதல், மனிதக் கண்காணிப்பு, தரவுப் பாதுகாப்பு, பொறுப்புடைமை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. இவை நெறிமுறைகளே, சட்டத்தின் முழு வலிமை இவற்றுக்கு வரவேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

ஆனாலும் இன்றே கைக்கு எட்டும் உரிமைகள் உண்டு. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. ஈசிஜி தாள், எக்கோ அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை.

உங்கள் தரவு யாருக்குப் போகிறது என்று கேட்கும் உரிமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்த உரிமையும் முக்கியக் கடமைகளும் 18 மாத அவகாசத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை நாமே கவனமாக இருக்கவேண்டும். பெயரும் நோயாளி எண்ணும் தெரியும்படி அறிக்கைகளை எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள்.

தவறு நடந்தால்

முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பாதிப்பு ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இதன்கீழ் வராது. தமிழ்நாட்டில் அந்த மருத்துவமனைகள் பற்றிய குறைகளை 104 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். மருத்துவரின் கவனக்குறைவு குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலை அணுகலாம்.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

இந்த முடிவைக் கருவி மட்டும் சொன்னதா, மருத்துவர் யாராவது பார்த்து உறுதி செய்தாரா? இந்த மென்பொருள் நம் நாட்டு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டதா? என் அறிக்கை யாருக்கெல்லாம் போகிறது? பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும், கடிகாரமும் செயலியும் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.