தகிட தகிட தகதிமி... க்யூபாவுக்கு ஒரு கோடு போட்ட பனியன்!

மானேஜர் சீட்டில் இல்லாத நேரத்தில் எந்த ஆபீஸிலும் ஒரு மேஜையிலாவது விரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த விரலுக்குச் சொந்தக்காரர் நீங்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். முதலில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

தகிட - தகிட - தகதிமி - தக - தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் 'த'வுக்கு மட்டும் மேஜையில் ஒரு தட்டு. மற்ற எழுத்துக்கள் வாயோடு சரி. ஆக மொத்தம் ஐந்து தட்டு. நிறுத்தாமல் நாலைந்து தரம் சுற்றிச் சுற்றி அடித்துப் பாருங்கள். இடுப்பு லேசாக அசைய ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், அது வியாதி இல்லை. நீங்கள் அடித்துக்கொண்டிருப்பது க்யூபா நாட்டு சங்கீதத்தின் முதுகெலும்பு. பெயர்: கிளாவே.

கிளாவே என்றால் இரண்டு பொருள். ஒன்று, ஒரு ஜாண் நீளத்தில் இரண்டு கட்டைக் குச்சிகள். ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்து, கைக்குள் குழி மாதிரி வைத்துக்கொண்டு, இன்னொன்றால் தட்டினால் 'க்ளிங்' என்று கணீரென்று கேட்கும். ஹவானா துறைமுகத்தில் கப்பல் கட்ட வைத்திருந்த மர ஆணிகளிலிருந்து பிறந்த வாத்தியம் என்று சொல்வார்கள். இன்னொன்று, அந்தக் குச்சிகள் அடிக்கிற இந்த ஐந்து அடி. ஸ்பானிஷ் மொழியில் இந்த வார்த்தைக்குச் சங்கேதம், சூட்சுமம் என்றெல்லாம் அர்த்தம். வளைவு கட்டும்போது உச்சியில் ஒரு கல்லைச் சொருகி மற்ற கல்லெல்லாம் விழாமல் நிறுத்துவார்களே, அந்தக் கல்லுக்கும் இதே பெயர்தான். எனக்கு இந்தக் கடைசி அர்த்தம்தான் பிடித்திருக்கிறது.

திருப்பூர்க்காரனுக்குத் தாளத்தைப் பற்றி ஒருத்தன் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்கலாம். பல்லடம், சோமனூர் பக்கம் போனால் விசைத்தறி 'டடக் டடக்' என்று விடிய விடிய அடிக்கிறது. அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் சுத்தியல். கம்பெனிக்குள் ஓவர்லாக். எல்லாம் தாளம்தான். ஆனால் அதைக் கேட்டு யாரும் ஆடினதாகத் தெரியவில்லை. காரணம், தறிக்கு எல்லா இடைவெளியும் ஒரே அளவு. கிளாவேக்கு அப்படி இல்லை: 3, 3, 4, 2, 4. கூட்டினால் 16. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஆட்டம் ஒளிந்திருக்கிறது.

எழுதிப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். கோடு போட்ட நோட்டில் 16 கட்டம் போட்டு, தட்டு விழும் கட்டத்தில் மட்டும் 'த' எழுதுங்கள்:

த . . த . . த . | . . த . த . . .

நடுவில் கோடு போட்டு இரண்டு பாதியாக வெட்டியிருக்கிறேன். முதல் பாதியில் மூன்று அடி, இரண்டாவதில் இரண்டு. இதற்கு '3-2 கிளாவே' என்று பெயர். பாதிகளை இடம் மாற்றினால் '2-3':

. . த . த . . . | த . . த . . த .

இப்போது காலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1, 5, 9, 13 என்ற நாலு கட்டங்களில் காலால் தரையைத் தட்ட வேண்டும். முதல் அடியில் கையும் காலும் ஒன்றாக விழும். அடுத்த இரண்டு தட்டும் காலை ஏமாற்றிவிட்டு முன்னே பின்னே ஓடும். நாலாவது தட்டு இரண்டு மிதிக்கு நட்ட நடுவில். ஐந்தாவது, காலோடு வந்து சமர்த்தாக உட்காரும். அதாவது மூன்று அடி பாதி கயிற்றை இழுக்கிறது, இரண்டு அடி பாதி தளர்த்துகிறது. (சிக்கினால் சொற்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தகிடவின் 'கி', முதல் தகதிமியின் 'தி', கடைசி தகதிமியின் 'த', இந்த மூன்றிலும் கால் விழும்.)

இந்தக் கட்டம் போட்ட தாளை ஒருநாள் நிட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் காட்டினேன். வட்ட நிட்டிங் மிஷினில் ஃபீடர் ஸ்ட்ரைப் ஓட்டுவதில் கைதேர்ந்தவர். ஃபீடர் ஸ்ட்ரைப் என்றால் ஒன்றுமில்லை: எந்தெந்த ஃபீடருக்கு எந்தக் கலர் நூல் என்று முதலிலேயே கோனை மாட்டிவிட்டால், மிஷின் சுற்றச் சுற்றத் துணியில் அந்த வரிசைப்படி கோடு விழுந்துகொண்டே இருக்கும்.

"எந்த பையருங்ணா?" என்றார்.

"க்யூபா."

"அங்கயெல்லாம் நம்ம சரக்கு போகுதுங்ளா!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் தாளை வாங்கினார். "பதினாறுக்கு ஒரு ரிப்பீட்டு. 1, 4, 7, 11, 13-ல செவப்பு நூலு, மிச்சத்துல வெள்ளை. 48 ஃபீடர் மிஷின்னா ஒரு சுத்துக்கு மூணு ரிப்பீட்டு. அருமையா ஓடுமுங்க."

அப்புறம் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். திரும்ப நேராக்கினார். "இதுல ஒரு சவுரியம் பாத்தீங்களா? தலைகீழா விரிச்சாலும் கோடு ஒண்ணாத்தானுங்க இருக்குது. கட்டிங்ல மேல கீழ பாக்க வேண்டியதில்ல."

அசந்துபோனேன். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள்: 4, 2, 4, 3, 3. வட்டமாகச் சுற்றுகிற தாளம் என்பதால் அந்த 3, 3-ஐ முன்னால் கொண்டுவந்தால், சாட்சாத் பழைய 3, 3, 4, 2, 4! பதினாறு கட்டத்தில் ஐந்து தட்டை 4,368 விதமாக வைக்கலாம். அதில் இது ஒன்று. கம்ப்யூட்டர் பேராசிரியர் காட்ஃப்ரீ டூசான் தாளங்களின் ஜியாமெட்ரி பற்றி 2013-ல் ஒரு முழுப் புத்தகமே போட்டார். அதில் இந்த ஐந்து தட்டுக்குத்தான் ராஜ மரியாதை.

மாஸ்டர் விடவில்லை. "ஆனா ஒண்ணுங்ணா. எங்க ஆரம்பிக்கறோமுங்கறது முக்கியம். இந்த நெருக்கமான ரெண்டு கோடு முன் பீஸ்ல நெஞ்சுக்கும், பின் பீஸ்ல வயித்துக்கும் வந்துச்சுன்னா, சைடு தையல்ல கோடு சேராது. ரெண்டு பீஸும் தனித்தனியா சரிதான். ஆனா செக்கிங்ல தூக்கிக் கடாசிருவாங்க."

க்யூபா சங்கீதக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை மனுஷர் ஒரு பனியனில் சொல்லிவிட்டார். கிளாவே என்பது சும்மா ஓரமாக நின்று அடிக்கிற தாளம் இல்லை. பியானோ, பாஸ், டிரம்பெட், பாடகர், எல்லாரும் தங்கள் தங்கள் வாசிப்பை அதோடு கோட்டுக்குக் கோடு பொருத்தியாக வேண்டும். பாட்டின் மெட்டு 2-3 பக்கம் சாய்ந்திருக்கும்போது குச்சிக்காரர் 3-2 அடித்தால், கணக்கு என்னவோ சரிதான். இருந்தும் ஆடுகிறவர்களுக்குக் கால் பின்னும். 'குறுக்கே போய்விட்டது' என்று அர்த்தம் வரும்படி 'க்ருஸாதோ' என்பார்கள். சைடு தையல் ரிஜெக்ட்! ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் கிளாவே நடுவில் திரும்பாது என்பது எழுதாத சட்டம். வேண்டுமானால் பாட்டு அரை சுற்று கூட்டியோ குறைத்தோ கொண்டு வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

இந்த 3-2, 2-3 என்று பெயர் வைத்துப் பிரிப்பதே நியூயார்க்கில் வளர்ந்த பழக்கம். ஹவானாவிலிருந்து போய் அங்கே குடியேறிய மரியோ பௌசாவின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். தெருவில் கேட்டே வளர்ந்தவனுக்கு நம்பர் எதற்கு? நோட்ஸ் பார்த்து வாசிக்கிற ஜாஸ்காரர்களுக்குத்தான் நம்பர் தேவைப்பட்டது. பௌசா 1943-ல் 'டாங்கா' போட்டார். கிளாவேமேல் கட்டிய முதல் ஜாஸ் உருப்படி என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். 1947-ல் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி, சானோ போஸோ என்ற க்யூபா காங்கா வித்வானைத் தன் பாண்டில் சேர்த்துக்கொண்டார். சானோவுக்கு இங்கிலீஷ் வராது, நோட்ஸ் எழுதவும் வராது. கச்சேரிக்குப் போகிற பஸ்ஸிலேயே ஆளுக்கொரு தாளம் கொடுத்துப் பாடவும் தட்டவும் பழக்கினாராம். அந்தக் கூட்டணியில் பிறந்தது 'மன்டேகா'. மறு வருஷம் டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பாரில் சானோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். முப்பத்து மூன்று வயது.

க்யூபாவுக்கு இந்த ஐந்து தட்டு எப்படிப் போனது? மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைக் கப்பலில். இன்றைக்கும் கானா நாட்டில் 'க்பான்லோகோ' என்ற ஆட்டத்துக்கு இரும்பு மணியில் அடிப்பது இதையேதான். கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கையில் எதையும் கொண்டுபோக விடவில்லை. தாளத்தை யாரால் பிடுங்க முடியும்? 1886 வரை க்யூபாவில் அடிமை முறை இருந்தது. அங்கிருந்து அது அமெரிக்காவுக்குள் நுழைந்து, 1955-ல் போ டிட்லி என்ற கிடார்காரர் தன் பெயரையே தலைப்பாக வைத்துப் போட்ட ராக் அண்ட் ரோல் பாட்டில் ஏறி உட்கார்ந்தது.

இன்னொரு சமாசாரம் இதைவிட சுவாரஸ்யம். 13-ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் ஸஃபி அல்-தீன் என்று ஒரு சங்கீத பண்டிதர். 1258-ல் ஹுலாகு கானின் மங்கோலியப் படை ஊரையே சூறையாடியபோதும் தப்பித்து, அவனிடமே வேலைக்குச் சேர்ந்த கில்லாடி. அவர் எழுதிய நூலில் தாளங்களை வட்டமாக வரைந்து காட்டுகிறார். அதில் ஒரு தாளத்தின் கணக்கு 3, 3, 4, 2, 4! வாயால் சொல்லத் 'தனன் தனன் தனனன் தன் தனனன்' என்கிற ரீதியில் அசைகளும் வைத்திருந்தார். நம் தகிட தகிட தகதிமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வட்டத்தைப் பார்த்தபோது எனக்கு நிட்டிங் மிஷின் ஞாபகம் வந்தது, திருப்பூர் புத்தி.

உடனே நம்மூர் ரசிகர் ஒருவர் கையைத் தூக்குவார்: "பதினாறா? அப்ப ரெண்டு ஆவர்த்தனம் ஆதி தாளம்! எல்லாம் இங்கேர்ந்து போனதுதான் சார்!" இல்லை ஸ்வாமி, உட்காருங்கள். ஆதி தாளம் என்பது தொடையில் தட்டி, விரலை எண்ணி, வீசிப் போடுகிற அளவுகோல். அதன்மேல் மிருதங்கக்காரர் இஷ்டத்துக்கு ஊர் சுற்றிவிட்டு சமத்துக்கு வந்து சேரலாம். கிளாவே அளவுகோல் இல்லை, அதுவே டிசைன். இங்கே ஏறக்குறைய பக்கத்தில் வருவது சாப்பு தாளம்தான். மிஸ்ர சாப்பில் ஏழை 3+4 என்று நொண்டி நொண்டிப் போடுகிறோமே, அந்த நொண்டலில் ஒரு முகம் தெரிகிறது. அதைத் திருப்பி 4+3 என்று போட்டால் விலோம சாப்பு. சியாமா சாஸ்திரி பூர்விகல்யாணியில் 'நின்னு வினாக மரி' என்ற கீர்த்தனையை அதில்தான் அமைத்தார். 3-2-க்கும் 2-3-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று யாராவது கேட்டால், விலோம சாப்புக் கீர்த்தனைக்கு மிஸ்ர சாப்பு போட்டுக் காட்டுங்கள். பாடகர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

நம்மிடம் இருப்பது வேறொன்று, அதுவும் பெரிய சொத்து: சொற்கட்டு. வெள்ளைக்காரன் ஸ்டாஃப் நொட்டேஷனில் முழு நோட்டு, அரை நோட்டு, மேலே ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு புள்ளி என்று படாதபாடு படுவதை நாம் ஐந்து வார்த்தையில் முடித்துவிடுகிறோம். திருச்சி சங்கரன் 1971-லிருந்து டொரொண்டோ யார்க் யூனிவர்சிடியில் இதைச் சொல்லிக்கொடுத்தார். ஜாஸ் கிடார்காரர் ஜான் மக்லாக்லின் நம் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் பாடத்தை டி.வி.டி.யாகவே வெளியிட்டார். நாம்தான் மேஜைக்கடியில் ஒளித்துத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை சொன்னது 'ஸோன்' கிளாவே. இதில் மூன்றாவது தட்டை ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்தால் 'ரும்பா' கிளாவே ஆகிவிடும்:

தகிட - தகதிமி - தகிட - தக - தகதிமி

ஒரே ஒரு ஃபீடர் மாற்றம். அதற்கே ஆளைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். இதையும் எழுதி மாஸ்டரிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கினார். "இது ஒன் வேயுங்ணா. தலைகீழா விரிச்சா வேற டிசைன் ஆயிரும்." வாஸ்தவம். பின்னாலிருந்து எண்ணி, எங்கே ஆரம்பித்தாலும் ஒத்துவராது.

ஆனால் ரும்பாவில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஹவானா தெருக்காரர்கள் வாசிக்கும் ரும்பாவைக் கூர்ந்து கேட்டால், சில தட்டுகள் எந்தக் கட்டத்திலும் சரியாக விழுவதில்லை. இரண்டு கட்டத்துக்கு நடுவில், ஏழுக்கும் எட்டுக்கும் பிறக்காத ஒரு இடத்தில் விழுகின்றன. பதினாறு கட்டம் போதாது. பன்னிரண்டாகப் பிரித்தாலும் போதாது. ஸ்டாஃப் நொட்டேஷனும் கையை விரிக்கிறது, தகதிமியும் விரிக்கிறது. பேப்பரில் போட்ட ஸ்ட்ரைப் வேறு, வாஷிங் போய் வந்த துணி வேறு என்று ஷ்ரிங்கேஜ் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அதற்கு ஒரே வழி, பதிவைப் போட்டுக் கேட்டுக் கேட்டுக் கூடவே தட்டுவது.

அதற்கு முன்னால் ஸோன் கைக்குப் படியட்டும். 3-2 சரளமாக வந்ததும், குச்சியை நிறுத்தாமல் இரண்டு அடி பாதியை ஆரம்பம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு பாருங்கள். கை அதே தட்டைத்தான் தட்டும், கேட்கிற பாட்டு வேறாகிவிடும். எனக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆயிற்று, அதுவும் காதர்பேட்டை டிராஃபிக்கில் பைக் ஹேண்டில்பாரில் தட்டித் தட்டி.