சிறிய புஷ், பெரிய பணி

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நம் முன்னோர் வாக்கு. தேருக்கு அச்சாணி எப்படியோ, பழைய மோட்டார் காருக்கு ‘பைலட் புஷ்’ என்னும் சிறு உலோக வளையம் அப்படி. அதைப் பற்றிச் சிறிது காண்போமா, தோழியரே?

இஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவதும், வேண்டும்போது பிரிப்பதும் கிளட்சின் வேலை. கியர் பாக்ஸிலிருந்து நீண்டு வரும் தண்டின் நுனியை, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைக் குழியில் இருந்து தாங்குவதே பைலட் புஷ். கிளட்சை மிதிக்காதபோது இரண்டும் ஒன்றாகச் சுழல்வதால் உராய்வு இல்லை. மிதித்துக் கியர் போடும்போது கியர் தண்டு நிற்க, கிராங்க் ஷாஃப்ட் மட்டும் சுழலும். அந்தச் சில நொடிகளே புஷ்ஷுக்கு உழைப்பு!

புஷ் இறுகிப் பிடித்தால், கிளட்சை மிதித்தும் தண்டு நில்லாது. முதல் கியரும் ரிவர்ஸும் ‘கரகர’ என முரண்டு பிடிக்கும். மிதியை லேசாக அழுத்தியதுமே இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். முழுவதும் மிதித்துக் கியர் போட்டபின் எழுந்தால் பைலட் புஷ்ஷையே பார்க்க வேண்டும்.

சரியான புஷ்ஷைத் தேர்வது எப்படி? காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கடையில் சொன்னால் போதாது. உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல், டீசல், பின்னர் இசுசூ என அதில் பல இஞ்சின்கள் வந்தன. உரிமையாளர்கள் மாற்றிப் பொருத்தியவையும் உண்டு. ஆகவே அளவெடுப்பதே வழி. குழியின் விட்டம், ஆழம், தண்டு நுனியின் விட்டம் ஆகிய மூன்றையும் மைக்ரோமீட்டர், வெர்னியர் கொண்டு குறித்துக்கொள்ள வேண்டும். புஷ் குழியில் இறுக்கமாக அமர வேண்டும். தண்டு அதனுள் ஆட்டமின்றி எளிதாகச் சுழல வேண்டும். இறுக்கி அடிக்கும்போது புஷ்ஷின் உட்துளை சற்றே சுருங்கும். எனவே பொருத்தியபின் மீண்டும் அளக்க வேண்டும்.

அடுத்து உலோகம். நல்ல புஷ் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலப் பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்தது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கும். காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் அதில் இரும்பு உண்டு. அது தண்டையே தேய்த்துவிடக் கூடும். பொருத்துமுன் புஷ்ஷை இஞ்சின் ஆயிலில் ஊற வைக்க வேண்டும். அதனுள் ஆயிலை நிரப்பி, இரு வாய்களையும் விரல்களால் மூடி அழுத்தினால், வெளிப்புறத்தில் எண்ணெய் வியர்வைபோல் துளிர்க்கும்! கிரீஸ் தடவினால் நுண்துளைகள் அடைபடும்.

பழைய புஷ்ஷைக் கழற்றுவதில்தான் நம் பௌதிகப் பாடம் கைகொடுக்கிறது. புஷ்ஷின் துளையில் கிரீஸை நிறைத்து, துளைக்குப் பொருந்தும் கம்பியைச் செருகிச் சுத்தியலால் தட்டுவார்கள். அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கல் விதிப்படி, கிரீஸ் பின்னாலிருந்து தள்ள, புஷ் வெளியே வரும்.

புஷ்ஷின் விலை சொற்பம். ஆனால் அதை மாற்றக் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். தவறான புஷ்ஷால் தண்டு கெட்டால், உற்பத்தி நின்றுபோன காருக்கு வேறு தண்டு கிடைப்பது அரிது. எனவே ஒருமுறைக்கு இருமுறை அளந்து வாங்குவதே அறிவுடைமை. சிறியது என்று எதையும் இகழாதிருப்போம்!