அணிற்பிள்ளையும் ஆங்கிலச் சட்டமும்

மேற்கு இலண்டனில் வாழும் எம்மவர் குடும்பமொன்றின் பின்வளவில், கண் திறவாத அணிற்குஞ்சொன்று மரத்திலிருந்து விழுந்து கிடந்தது. பிள்ளைகள் அதனைச் சப்பாத்துப் பெட்டியிற் பஞ்சிட்டு வைத்துப் பாலூட்டினர். தாயார் தடுக்கவில்லை. ஊரில் அணிற்பிள்ளை வளர்த்துப் பழகியவர் அவர். இராமருக்கு அணை கட்ட உதவி முதுகில் மூன்று கோடு பெற்ற பிராணியன்றோ!

ஆயின் இந்நாட்டுச் சாம்பல் அணிலின் முதுகிற் கோடில்லை. சட்டமும் அதன் பக்கமில்லை. வட அமெரிக்காவிலிருந்து 1876 இல் இங்கு கொணர்ந்து விடப்பட்டு, இந்நாட்டுச் செவ்வணிலை ஒடுக்கிய இனம் இது. 2019 டிசெம்பர் முதலாந் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்த கட்டளைப்படி, அனுமதிப்பத்திரமின்றி இதனை வளர்த்தலும் விற்றலும் குற்றம். காப்பாற்றியபின் வெளியே விடுதலும் குற்றமே. மிருக வைத்தியரிடம் சேர்ப்பித்தாலும் பெரும்பாலும் ஊசியேற்றி உறங்கவைப்பர். எமக்கு இது கடுமையாகவே தோன்றுகிறது. வேற்று நாட்டிலிருந்து வந்த உயிரைப் பற்றிய இவ்விதிகளை வாசிக்கையில், அகதிகளாகிய நாம் சற்று நின்றே மேலே செல்கிறோம்.

சிங்கத்தின் கதை வேறு. 1969 இல் இரு இளைஞர்கள் ஹரட்ஸ் கடையிற் சிங்கக்குட்டியொன்றை வாங்கிச் செல்சியில் வளர்த்தனர். அந்நாளில் அது குற்றமன்று. 1976 இன் ஆபத்தான வனவிலங்குகள் சட்டம் வந்தபின் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சிங்கத்துக்கு அது கிடைக்கவுங் கூடும். செல்லமாக வளர்க்கும் சாம்பல் அணிலுக்குக் கிடையாது!

பூங்காக்களிற் பறக்கும் எங்கள் ஊர்ப் பச்சைக்கிளியைக் கடையில் வாங்கி வளர்க்கலாம். பறப்பதைப் பிடித்தலும், வளர்த்ததைத் திறந்து விடுதலும் 1981 இன் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். காயமுற்ற காட்டுப் பறவையைக் குணமாகும்வரை பேணி விடுவிக்க மட்டும் அச்சட்டம் இடமளிக்கிறது. ஊரில் மட்டும் சட்டமில்லை என்று எண்ணவேண்டாம். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கும் உண்டு. எவரும் எம்மைக் கேட்டதில்லை, அவ்வளவே.

இங்கோ கேட்பார்கள். குடியுரிமை விண்ணப்பத்திற் குற்றத்தீர்ப்புகளைக் குறிப்பிட வேண்டியிருப்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. விழுந்த குஞ்சைக் கண்டால், நாய் பூனை அணுகாமற் பார்த்து மரத்தடியிலேயே விடுவது நன்று. பல வேளைகளிற் தாயணில் வந்து கவ்விச் செல்லும்.

அக்குடும்பத்தார் இதனை அறிந்தபோது இரு நாட்கள் கடந்திருந்தன. மரத்தடியில் வைத்துப் பார்த்தனர், தாயணில் வரவில்லை. மறுநாட் காலை, பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றபின், மிருக வைத்தியரிடம் தொலைபேசியிற் கேட்டுத் தந்தையார் பெட்டியை எடுத்துச் சென்றார். மாலையிற் பிள்ளைகளிடம் என்ன கூறினார் என்பதை நாம் கேட்கவில்லை.